டிக்கோடரில பழியைப் போடாதேங்கோ

திருத்தக் குடுத்த கைபேசியைத் திறந்தும் பாராமல் 'போர்ட் போச்சு, மாத்தத்தான் வேணும்' எண்டு சொல்லுற கடைகளை எல்லாருக்கும் தெரியும். மாதிரி ரயில் ஓட்டுற ஆக்களுக்கும் இதே நோய் இருக்கிறது. எஞ்சின் நின்றால் உடனே 'டிக்கோடர் எரிஞ்சிட்டு' எண்டு தீர்ப்பு. புதுசு வாங்கிப் பூட்டுவினம். சிலவேளை அதுவும் பூட்டின கையோடேயே புகைஞ்சு போகும். இதில எங்களுக்கு உடன்பாடில்லை.

பழைய முறையில் தண்டவாளத்து மின்சாரம் நேரே மோட்டருக்குப் போகும். ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1990களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் பொதுத் தரமாக்கிய டிசிசி முறை அப்படியில்லை. தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்னழுத்தம் இருக்கும். கட்டளையும் அதோடேயே வரும். எஞ்சினுக்குள் இருக்கும் டிக்கோடர் தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து மோட்டரை ஓட்டும். சிவப்பு, கறுப்பு வயர்கள் தண்டவாளத்திலிருந்து வாறவை. செம்மஞ்சள், சாம்பல் மோட்டருக்குப் போறவை. இந்த இரண்டு சோடியும் ஒன்றையொன்று எங்கேயும் தொடக்கூடாது.

தொடுகிற இடம்தான் பிரச்சினை. பழைய எஞ்சின்கள் பலதில் மோட்டரின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். சட்டம் ஒரு பக்கச் சில்லுகளோடு சேர்ந்திருக்கும். அதைப் பிரிக்காமல் எத்தனை டிக்கோடர் பூட்டினாலும் எரியும்.

ஆகவே முதலில் டிக்கோடரைக் கழற்றுங்கோ. மல்ரிமீற்றரின் ஒரு முனையை மோட்டரிலும் மற்றதைச் சில்லிலும் வையுங்கோ. கீச்செண்டு சத்தம் வந்தால் குற்றவாளி ஆரெண்டு தெரிஞ்சிட்டு. வராவிட்டால் 9 வோல்ற் பற்றரியை நேரே மோட்டருக்குக் குடுத்துப் பாருங்கோ. சுத்தேல்லயா, நோயாளி மோட்டர்தான். காபன் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லாட்டி கொம்யூற்றேற்றர் இடுக்கில் காபன் தூள் அடைஞ்சிருக்கும், இல்லாட்டி பழைய கிறீஸ் பசையாகிப் பற்சில்லைப் பிடிச்சிருக்கும். அற்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால துடைச்சதிலேயே உயிர்க்கிற மோட்டர்கள் இருக்கு.

'லைற் எரியுது, எஞ்சின் நகரேல்ல' எண்டால்தான் கனபேர் டிக்கோடரைத் திட்டுறது. யோசிச்சுப் பாருங்கோ. கட்டளைக்கு லைற் எரிஞ்சு அணைஞ்சால் மின்சாரம் வருது, முகவரி சரி, டிக்கோடரின் மூளையும் வேலை செய்யுது. மோட்டரை ஓட்டும் பகுதி மட்டும் எரிஞ்சிருக்கலாம், அதை மறுக்கேல்ல. ஆனால் அது ஏன் எரிஞ்சது எண்டு கேட்காமல் புதுசு வாங்குறது ஆருக்கு லாபம்? பற்றரியில மோட்டர் நல்லாச் சுத்தினால், காசு செலவழிக்க முதல் சிவி 8 இல் 8 எண்டு எழுதிப் பாருங்கோ. பல டிக்கோடர்கள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, முகவரி 3 ஆகும்.

இன்னொரு அளவும் தேவை. மோட்டருக்கு 12 வோல்ற் குடுத்து, அச்சை ஒரு கணம் பிடித்து நிறுத்தி, எத்தனை அம்பியர் இழுக்குதெண்டு பார்க்க வேணும். டிக்கோடர் தாங்குவது 1 அம்பியர், மோட்டர் இழுப்பது அதைவிடக் கூட எண்டால் அடுத்ததும் எரியும். இந்த ஒரு இலக்கத்தை எஞ்சின் செய்யிறவை பெட்டியிலேயே அச்சடிச்சுத் தரவேணும். எத்தனை வகை ஹோர்ண் சத்தம் வரும் எண்டு எழுத அதில இடம் இருக்குதுதானே.