ஒண்ணுமில்லேன்னு சொல்றது யாரு?

எல்லாம் வெறுமை, எதற்கும் அர்த்தமில்லை, ஆகவே செய்வதற்கும் ஒன்றுமில்லை என்று எழுதுவது நம்மூர் மேல்சாதி அறிவுசீவிகளுக்கு ரொம்ப நாளாய்ப் பழகிப்போன தொழில். துணைக்கு நீட்சே வருவார். அவர் நிகிலிசத்தை ஐரோப்பாவுக்குப் பிடித்த நோயாகப் பார்த்தவர் என்பது இவர்களுக்கு உறைப்பதில்லை. அது கிடக்கட்டும். புத்தரையும் இந்த வரிசையில் உட்கார வைக்கிறார்களே, அதைச் சும்மா விட முடியாது.

எல்லாம் என்றும் நிலைத்திருக்கும் என்ற வாதத்தையும், எல்லாம் அற்றுப்போகும், செயலுக்குப் பலனில்லை என்ற உச்சேதவாதத்தையும் புத்தர் சேர்த்தே மறுத்தார். நாகார்ஜுனரின் சூனியம் 'ஒண்ணுமில்லே' அல்ல. எதற்கும் தனக்கென்று மாறாத சுபாவம் கிடையாது, ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று உண்டாகிறது என்பதுதான் அது. இதைச் சாதிக்குப் பொருத்திப் பாருங்கள், தோழர்களே. பிறப்போடு ஒட்டிய குணம் என்ற மனுவின் வாதம் பொடிப்பொடியாகும். உண்டாக்கியதுதானே, உடைக்கலாம். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் (1957) அம்பேத்கர், சூனியம் என்பது இடைவிடாத மாற்றம், அது இருப்பதால்தான் எதுவுமே சாத்தியம் என்று விளக்கியதும் இதைத்தான்.

அசல் நிகிலிசம் கவிதையில் இல்லை, அரசாங்கத்தில் இருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்களை அடித்து, 18 பெண்களை வன்புணர்ந்து, வீடுகளை நொறுக்கி, ஆடுமாடுகளைக் கொன்று கெணத்தில் வீசினார்கள். பாதிக்கப்பட்டவர்களையே சிறையிலும் போட்டார்கள். ஊர் பாழாய்ப்போச்சு. அதற்குப் பிறகு அரசுத் தரப்பு சொன்னது: அப்படி ஒண்ணும் நடக்கல. முதலில் ஊரை இல்லாமலாக்குவது, அப்புறம் நடந்ததையே இல்லாமலாக்குவது.

'ஒண்ணுமில்லாத சனங்க' பேச்சு எடுபடுமா? நடந்தது நடந்ததுதான் என்று அந்தப் பெண்கள் கோர்ட்டில் நின்றார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன (சாதி விசயத்தில் அவர்களோடு நமக்குச் சண்டை உண்டு, அதற்காக இதை மறைப்பது அயோக்கியத்தனம்). 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அதற்குள் 54 பேர் செத்திருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. சரியாகப் பன்னிரண்டு வருசம் கழித்து, 2023 செப்டம்பர் 29இல், சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதில் பாதியை வன்புணர்ந்தவர்களிடமே வசூலிக்கவும் சொன்னது.