சிங்கப்பூருக்குப் புறப்படுமுன் மருந்துப் பையைக் கட்டுங்கள்

உறவினர் வீட்டுக் கல்யாணம், தீபாவளிக்கு முந்திய சிராங்கூன் சாலை விளக்கலங்காரம், பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூசக் காவடி என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகப் பாலம் கடந்து சிங்கப்பூர் போகாத குடும்பம் நம்மிடையே குறைவு. “இதோ இருக்கிற ஊர்தானே” என்று மாற்றுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஊர் பக்கந்தான். ஆனால் அது வேறு நாடு. சட்டமும் வேறு, மருத்துவச் செலவும் வேறு.

1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர்தான். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் அதைக் கடக்கப் பல மணி நேரம் ஆகும். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்திலிருந்து போன ஒரு பாட்டி காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். “அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்” என்று பசியோடு பேருந்தில் உட்கார்ந்திருந்தார். நெரிசலில் நேரம் போகப் போக உடம்பு வியர்த்துக் கை நடுங்கி, பேச்சும் குழறிவிட்டது. பக்கத்திலிருந்த பெண் விவரம் தெரிந்தவர். உடனே இனிப்புத் தேநீரைக் குடிக்கவைத்தார். அதனால் பிழைத்தார்.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவருக்கு வியர்வையும் நடுக்கமும் வந்தால், நினைவோடு விழுங்கக்கூடியவராக இருக்கும்போதே சர்க்கரை கலந்த பானமோ மிட்டாயோ கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இன்சுலின் ஊசியைப் பேருந்தின் அடியில் சாமான் வைக்கும் இடத்தில் போடாதீர்கள். வெயில் சூட்டில் அது கெட்டுப்போகும். மருந்துப் பை எப்போதும் கையோடு இருக்க வேண்டும்.

மருந்துகளை அவற்றின் உறையோடும், டாக்டர் எழுதிய சீட்டோடும் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டியிருக்கும். தாய்மார்களே, இன்னொன்று. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலுள்ள மெல்லும் புகையிலைக்கும் அனுமதியில்லை. பிள்ளைகளின் சட்டைப் பையையும் பாருங்கள். மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 முதல் அங்கே குற்றம்.

நுழைவு அட்டையை வருகைக்கு முந்திய 3 நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கங்களை நம்பாதீர்கள்.

ஊருக்குள் போனபின் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். தேக்கா நிலையத்தில் சாப்பிட்டால் தட்டை அதற்குரிய இடத்தில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள். 2021 முதல் அது சட்டம். சாலையைக் கண்ட இடத்தில் கடக்காதீர்கள். பாதசாரிகள் கடக்கும் இடம் 50 மீட்டருக்குள் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் கூட்டம் நெரியும். சிறு பிள்ளைகளின் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு சொல். 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு மதுச் சட்டம் கடுமையாகிவிட்டது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை எந்தப் பொது இடத்திலும் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலோ சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை உண்டு.

இனி முக்கியமான செய்தி. நம் நாட்டில் எந்த அவசரத்துக்கும் 999ஐ அழைத்துப் பழகியிருக்கிறோம். சிங்கப்பூரில் 999 போலீசுக்கு மட்டுமே. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. நெஞ்சுவலி வந்தவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். இந்த எண்ணை வீட்டிலுள்ள எல்லாரும் மனப்பாடம் செய்யுங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய கே.கே. மருத்துவமனை தேக்காவுக்கு அருகில், புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு டான் டோக் செங் மருத்துவமனை தொலைவில்லை. ஆனால் அந்நாட்டு மக்களுக்குக் கிடைக்கும் அரசாங்கச் சலுகை நமக்குக் கிடைக்காது. முழுக் கட்டணமும் நாமே கட்ட வேண்டும். ஒரு வாரப் படுக்கைச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். வயதானவர்களோடு போகிறவர்கள் பயணக் காப்புறுதி எடுப்பதை வீண்செலவென்று எண்ணாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அது பொருந்துமா என்று கேட்டு எடுங்கள்.

திரும்பி வந்தபின்னும் கவனம் வேண்டும். 2020இல் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டது. அந்தக் கொசு பகலில் கடிக்கும்; காய்ச்சல் 4 முதல் 10 நாளில் தலைகாட்டும். வந்தால் ஆஸ்பிரின், புரூபன் மாத்திரைகளை விழுங்காதீர்கள். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். கிளினிக்குக்குப் போய், சிங்கப்பூர் போய்வந்ததையும் சொல்லுங்கள். காய்ச்சல் தணியும் நேரத்தில் கடும் வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, ஈறில் இரத்தமோ கண்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பட்டுச்சேலையையும் சீர்வரிசையையும் நாம் மறப்பதில்லை. அவற்றை எடுத்து வைக்குமுன் மருந்துப் பையைக் கட்டி, அதன்மேல் 995 என்று பெரிதாக எழுதி வையுங்கள். போனவர்கள் எல்லாரும் நலமாக வீடு திரும்ப வேண்டும்.