கோயம்பேட்டின் மேல் பழி போட்டது போதும்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், பென்ஷன் வாங்கும் பெரியவர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தீர்ப்பு சொன்னார்: "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது சார். வீட்ல இருன்னா இருக்கணும். கோயம்பேட்டுக் கும்பலாலதானே ஊரெல்லாம் கொரோனா பரவுச்சு?" எதிர்வரிசை மொத்தமும் தலையாட்டியது. இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கும்பல் தானாகவா கூடியது? 2020 ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது: சென்னையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது. நடுவில் ஒரே நாள். நான்கு நாள் சாமானை ஒரே காலையில் வாங்கிக்கொள் என்று ஊரையே கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தைக்கு விரட்டிவிட்டு, கூட்டத்தைக் கூட்டிய பழியைக் கொத்தமல்லிக் கட்டு விற்றவள் தலையில் கட்டினார்கள்.

மே 5 அன்று சந்தையையே மூடினார்கள். அங்கே பல லோடுமேன்களுக்குக் கடைவாசல்தான் வீடு. விடிய விடிய மூட்டை இறக்கிவிட்டு, வெங்காயச் சாக்கை உதறி விரித்துப் படுப்பவர்கள். கூலியோடு படுக்கையும் போனது. 'வீட்டிலேயே இருங்கள்' என்றால் எந்த வீட்டில்? கிடைத்த லாரியில் அரியலூருக்கும் கடலூருக்கும் ஏறினார்கள். நோயும் கூடவே ஏறியது. உடனே அவர்களுக்கும் 'பொறுப்பில்லாதவர்கள்' பட்டம்.

சந்தையை மூடிய இரண்டாம் நாளே, சென்னைக்கு வெளியே டாஸ்மாக் திறந்தது. சவுக்குக் கட்டைத் தடுப்பு, போலீஸ் பந்தோபஸ்து, திருப்பூரில் இடைவெளிக்காக ஆளுக்கொரு குடை! கத்தரிக்காய் வாங்க வந்தவனுக்கு இந்த மரியாதை கிடைத்ததா? உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதும் உச்சநீதிமன்றம் வரை ஓடித் தடை வாங்கினார்கள். காய்கறிக்காரிக்காக எந்தக் கோர்ட்டுக்கு ஓடினார்கள்? அவள் கையில் வைத்தது கார்டுக்கு ஆயிரம் ரூபாய்.

ஒழுங்கு பேசுகிறவர்கள் சாத்தான்குளத்தையும் பேசட்டும். நேரத்துக்குக் கடை மூடவில்லை என்று போலீஸ் பிடித்துப் போன தந்தையும் மகனும் பிணமாகத்தான் வந்தார்கள். பள்ளிக்கூடக் கதை தனி. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ஆன்லைன் வகுப்பாம். ஒன்று முதல் எட்டு வரை பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்குள் வேலைக்குப் போன பையன்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

ஒன்றாம் தேதி தவறாமல் பென்ஷன் வந்தால் யாருக்கும் ஒழுங்கு வரும். ஒழுங்கில்லாமல் நடந்தது அரசாங்கம்தான். சென்னையில் டாஸ்மாக் 2020 ஆகஸ்ட் 18 அன்று திறந்தது. கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை செப்டம்பர் 28 அன்று.