கேட்காமல் விட்ட கேள்விகள்

ரோசன்பர்க் வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், ஜூலியஸ் ரோசன்பர்க் உளவாளியா இல்லையா என்பதில்தான் போய் நிற்கிறோம். அந்தச் சர்ச்சை பெருமளவு தீர்ந்துவிட்டது. அமெரிக்கா மறைகுறி உடைத்துப் படித்து 1995இல் வெளியிட்ட சோவியத் உளவுச் செய்திகளான வெனோனா தந்திகளும், உடன் தண்டிக்கப்பட்ட மார்ட்டன் சோபெல் 2008இல் கொடுத்த ஒப்புதலும், ஜூலியஸ் சோவியத் நாட்டுக்கு உளவு சொன்னதை உறுதிசெய்துவிட்டன. வழக்கறிஞர்களான நமக்கு மிஞ்சியிருப்பது வேறு கேள்வி. 1951 மார்ச்சில், நியூயார்க்கின் ஃபோலி சதுக்க நீதிமன்றத்தில், சாட்சியம் முறையாகச் சோதிக்கப்பட்டதா?

சோவியத் நாடு அணுகுண்டை வெடித்துப் பார்த்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஜூலியஸ், எத்தல் தம்பதி மீது 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின்கீழ் சதிக் குற்றச்சாட்டு. வழக்கின் முதுகெலும்பு, எத்தலின் தம்பி டேவிட் கிரீன்கிளாஸ். லாஸ் அலமோஸ் அணுகுண்டுக் கூடத்தில் மெஷினிஸ்டாக இருந்தவர். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தனக்கு என்ன தண்டனை என்று தெரியாத நிலையில் அக்காவுக்கு எதிராகக் கூண்டேறினார். பிறகு கிடைத்தது 15 ஆண்டு. அவர் மனைவி ரூத்தும் சாட்சி சொன்னார். அவர்மேல் வழக்கே போடவில்லை. நம்மூர் அப்ரூவர் சாட்சியத்தைக் கையாண்டவர்களுக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

குண்டின் உள்ளமைப்பை நினைவிலிருந்து டேவிட் வரைந்த படம், சான்றாவணம் 8. அது தாக்கலானபோது, நாட்டின் நலன் கருதி அதைச் சீல் வைக்கும்படி கேட்டவர் ஜூலியஸின் வழக்கறிஞர் இமானுவேல் பிளாக்! அரசுத் தரப்பே அதை எதிர்பார்க்கவில்லை. தன் கட்சிக்காரரின் தேசப்பற்றைக் காட்டுவது அவர் கணக்கு. ஜூரிக்குப் போய்ச் சேர்ந்த செய்தியோ, ‘குண்டின் ரகசியமே இந்தத் தாளில் இருக்கிறது’ என்பது. 1966இல் சீல் உடைந்தபோது, லாஸ் அலமோஸில் பணியாற்றிய அறிவியலாளர்களே அந்தப் படம் கரடுமுரடானது, பிழையானது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். விசாரணையின்போது எதிர்த்தரப்பு ஒரு நிபுணரையும் நிறுத்தவில்லை.

டேவிட்டிடம் தகவல் வாங்கிப் போன ஹாரி கோல்ட் முக்கியச் சாட்சி. அவரிடம் குறுக்கு விசாரணையே நடக்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எத்தலுக்கு எதிரான கனமான சாட்சியம், டேவிட் கொடுத்த குறிப்புகளை அவர் டைப் செய்தார் என்பது. 1950 ஆகஸ்டில் கிராண்ட் ஜூரி முன் டேவிட்டும் ரூத்தும் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பேச்சில் அக்கா கலந்துகொள்ளவே இல்லை என்றுதான் டேவிட் சொல்லியிருந்தார். டைப் செய்த கதை விசாரணைக்குச் சில நாள் முன்பு, 1951 பிப்ரவரியில் முளைத்தது. முன் வாக்குமூலம் கையில் இருந்திருந்தால் எந்த ஜூனியரும் அந்த முரண்பாட்டைப் பிடித்திருப்பார். அரசுச் சாட்சிகளின் முன் வாக்குமூலத்தை எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும் என்ற ஜெங்க்ஸ் தீர்ப்பு வந்தது 1957இல். எத்தல் இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

பிளாக்கை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் ஒதுங்கிப்போன வழக்கை எடுத்து, கடைசிவரை நின்றவர் அவர். அதே நீதிமன்றத்தில் 1949இல் கம்யூனிஸ்ட் தலைவர்கள் வழக்கு முடிந்த கையோடு, அவர்களுக்காக வாதாடிய ஐந்து வழக்கறிஞர்களுக்கு அவமதிப்புக் குற்றத்தின்பேரில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த அச்சம் வழக்கறிஞர் மேசைவரை வந்துவிட்டிருந்தது.

நீதிபதியின் இருக்கையும் தப்பவில்லை. நீதிபதி காஃப்மன் எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் அரசுத் தரப்போடு தொடர்பில் இருந்ததை 1970களில் வெளியான எஃப்பிஐ கோப்புகள் காட்டின. கொலையைவிடக் கொடிய குற்றம் இது என்றும், கொரியப் போர்ச் சாவுகளுக்கே இவர்கள் காரணம் என்றும் சொல்லி அவர் மரண தண்டனை விதித்தார். ஜூரியின் பரிந்துரை இல்லாமல் அந்தத் தண்டனை செல்லுமா என்று 1946ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தைக் காட்டிக் கேட்டவர்கள், கடைசி வாரத்தில் வந்து சேர்ந்த வெளி வழக்கறிஞர்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ் தண்டனையை நிறைவேற்றத் தடை கொடுத்தார். 1953 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்று அதை நீக்கியது. இருவரின் உயிரும் அன்றே சிங் சிங் சிறையின் மின்நாற்காலியில் போயிற்று.

ஜூலியஸின் குற்றம் பின்னால் உறுதியானது இந்த விசாரணையை நேராக்கிவிடாது. கணவர் செய்வது எத்தலுக்குத் தெரியும், அவர் ‘வேலை செய்வதில்லை’ என்றுதான் அதே வெனோனா தந்திகளில் ஒன்று சொல்கிறது.

‘நாட்டுப் பாதுகாப்பு’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் கை தளர்ந்துவிடக் கூடாது. சீல் வைக்கச் சம்மதிக்கும் முன் அந்தத் தாளை நம் நிபுணர் பார்க்கட்டும். முன் வாக்குமூலங்களை மனுப்போட்டுக் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பைப் பதிவில் ஏற்றுங்கள். உடந்தையாளருக்கு என்ன சலுகை கிடைத்தது என்பதைக் கூண்டிலேயே கேளுங்கள். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். சோதிக்காத சாட்சியத்தின்மேல் அது தீர்ப்புச் சொல்லாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.