கறுப்புப்பூனையும் மண்வெட்டியும்

அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துப் படித்தவன். அடுத்து என்னடா செய்யப் போற என்று கேட்டதற்கு செல்போனைத் திருப்பிக் காட்டினான். முகத்தில் கறுப்புத் துணி, கையில் இயந்திரத் துப்பாக்கி, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் ஆட்கள். "மாமா, கமாண்டோ ஆகப் போறேன். வேற எதுவும் வேணாம்" என்றான்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு கடந்து போடிமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குக் காய் பறிக்கப் போகிறவள் அவள். ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "எங்கயாச்சும் போகட்டும் தம்பி. இந்த ஜீப்புல மட்டும் ஏற வேணாம்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். இயக்கத் தோழர்கள் சிலர் கோபிப்பார்கள். "அரசின் துப்பாக்கியை நம்ம பையன் எதுக்குத் தூக்கணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1989-ல் போடியிலும் சுற்று ஊர்களிலும் சாதிக் கலவரம் நடந்தபோது காக்கி எந்தப் பக்கம் நின்றது என்பதைச் சேரிப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்கிற தோழர்களில் பலரும் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள். மலைக்குப் போகிற ஜீப்பில் ஏற வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அந்தக் கட்டாயம் உள்ளவனிடம் "போகாதே" என்று மட்டும் சொல்வது எளிது. போவதானால் எங்கே போவது, எதைத் தெரிந்துகொண்டு போவது என்று பேசுவதுதான் கடினம். அதைப் பேசுவோம்.

முதலில் இந்தக் கமாண்டோ கனவு. கறுப்புப்பூனை என்று அழைக்கப்படும் தேசியப் பாதுகாப்புப் படை 1984-ல் அமைக்கப்பட்டது. அதற்கு நேரடியாக ஆள் எடுப்பதே கிடையாது. ராணுவத்திலும் மத்தியக் காவல் படைகளிலும் ஏற்கெனவே இருப்பவர்களிலிருந்து சில வருடங்களுக்கு அனுப்பி வைக்கப்படுகிறார்கள். பாரா சிறப்புப் படையும் விரும்பி வருகிறவர்களை வாட்டி எடுத்து, தேறுகிற சிலரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் "கமாண்டோ ஆகிறேன்" என்று விண்ணப்பம் போட வழியில்லை. செல்போனில் ஓடும் படம் இதைச் சொல்வதில்லை. வீரம் என்பது முகமூடி போட்ட தனிமனிதனின் உடலில் இருக்கிறது என்கிற புனைவை மட்டுமே அது விற்கிறது.

வீரத்தைப் பற்றிய இந்தப் புனைவுக்கு வயது அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட்ஸ் பிரபு போன்ற வெள்ளைத் தளபதிகள் 'போர்ச் சாதிகள்' என்று ஒரு கோட்பாட்டைக் கட்டமைத்தார்கள். வடக்கத்திச் சாதிகள் சிலவற்றுக்குப் பிறப்பிலேயே வீரம் உண்டு, தெற்கத்தியானுக்குக் கிடையாது என்றார்கள். மனுவுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சென்னை ராணுவத்தின் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1818 ஜனவரி 1-ல் கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற மகர்களுக்கு 1890-களில் ராணுவக் கதவு சாத்தப்பட்டது. முதல் உலகப் போரில் ஆள் பஞ்சம் வந்ததும் 1917-ல் மகர் படை ஒன்று திரட்டப்பட்டது; 1921-ல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1941-ல் மகர் ரெஜிமெண்ட் மீண்டும் பிறந்தது. 1943-ல் சமார் ரெஜிமெண்ட் அமைத்தார்கள். போர் முடிந்து 1946-ல் கலைத்தார்கள். தேவைப்பட்டால் கூப்பிடு, தேவை முடிந்தால் துரத்து. கூலிக்காரனைக் கங்காணி நடத்துவது போலத்தான் நம்மை ராணுவம் நடத்தியிருக்கிறது.

ஆனாலும் வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவ சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். 1891-ல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த குழந்தைதான் அம்பேத்கர். சிப்பாய்க்குக் கிடைத்த படிப்பு, ஓய்வூதியம், ஊருக்கு வெளியே ஒரு வாழ்க்கை — இவை ஒரு தலைமுறையை நிமிர்த்தின. அதனால்தான் 1927 ஜனவரி 1-ல் அவர் கோரேகான் தூணுக்குப் போய் நின்றார். 1941-ல் மகர்களை ராணுவத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார்.

தமிழ்நாட்டில் நமக்கு அப்படி ஒரு இடம் இருந்ததா? இருந்தது. 1780-ல் சென்னைக் கோட்டையில் மெட்ராஸ் பயனியர்கள் என்று இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. அதன் வழியில் வந்ததுதான் மெட்ராஸ் சாப்பர்கள். இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். காலாட்படையிலிருந்து தெற்கத்தியானைத் துரத்திய காலத்திலும் இங்கே பறையர்கள் பெருமளவில் நீடித்தார்கள். ஏனென்றால் இங்கே வேலை மண்வெட்டியோடு. பாதை போடுவது, பாலம் கட்டுவது, பள்ளம் தோண்டுவது, கோட்டைச் சுவரை வெடி வைத்துத் தகர்ப்பது. ராணுவம் முழுக்க அவர்களைக் கூப்பிட்ட செல்லப் பெயர் 'தம்பி'. முள்வேலியைத் தகர்க்கும் நீளமான வெடிக்குழாயை உலகம் முழுக்க 'பெங்களூர் டார்பிடோ' என்கிறார்கள். 1912-ல் அது உருவானது இந்தப் படையில்தான். 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியின் மிஞ்ஞானோ பக்கம் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப் போகிற கண்ணி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றியவர் மெட்ராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். நம் பாடப் புத்தகத்தில் அவரைப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் குடும்பத்திலும் ஒரு சாப்பர் உண்டு. அம்மாவைப் பெத்த தாத்தா. பர்மா எல்லையில் பாலம் கட்டியவர். போர் முடிந்து ஊருக்கு வந்து, பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு டீக்கடைக்குப் போனார். சிரட்டையில்தான் ஊற்றினார்கள். பதக்கம் சாதியை ஒழிக்காது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றோடு பதக்கத்தைக் கழற்றித் தகரப்பெட்டியில் போட்டார். ஆனால் கையில் இருந்ததை யாரும் கழற்ற முடியவில்லை. கொத்து வேலை தெரியும், தச்சு தெரியும், பாறைக்கு மருந்து வைக்கத் தெரியும். மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் கட்ட, பாதை வெட்ட அவரைத் தேடி வந்தார்கள். பண்ணையார் வயலில் அவர் கால் வைக்கவே இல்லை. பிள்ளைகளையும் அனுப்பவில்லை. அம்மா பள்ளிக்கூடம் போனாள், நான் கல்லூரி போனேன், வங்கியில் உட்கார்ந்தேன். என் நாற்காலியின் ஒரு கால் இடஒதுக்கீடு, இன்னொரு கால் தாத்தாவின் கைவேலை.

"அப்ப மறுபடியும் மண்வெட்டியா? பள்ளம் தோண்டுறதுதான் நம்ம விதியா?" என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். அவருக்கு இரண்டு சம்பவங்களைச் சொன்னேன்.

ஒன்று. 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய ராணுவம் ஹெலிகாப்டரில் இறங்கியது. இறங்கியவர்கள் பாரா கமாண்டோக்களும், சீக்கிய லைட் இன்ஃபண்ட்ரியின் ஒரு சிறு பிரிவும். இந்த ரெஜிமெண்ட் மஜ்பி, ராம்தாசியா சீக்கியர்களைக் கொண்டது, அதாவது பஞ்சாபின் தலித்துகள். கமாண்டோக்கள் ஆறு பேரை இழந்து மீண்டார்கள். சீக்கியப் பிரிவின் முப்பது பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். தமிழ் மண்ணில் தமிழருக்கு எதிராக அவர்களை யார் அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள்? கமாண்டோ நடவடிக்கை என்று படம் காட்டுகிறவர்கள் அந்த 29 பேரைக் காட்டுவதில்லை.

இரண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, நம் மலைக்கு அந்தப் பக்கம் மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயன்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். போகிற வழியில் பாலம் உடைந்து கிடந்ததால் உதவி தாமதமானது. அதே கேரளத்தில் 2024 ஜூலை 30-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வந்தது. 190 அடி நீள பெய்லி பாலத்தை இரவு பகலாக நின்று ஆகஸ்ட் 1 மாலை முடித்தார்கள். அந்த வேலையில் முன்னால் நின்ற அதிகாரி மேஜர் சீதா ஷெல்கே, ஒரு பெண். அந்தப் பாலத்தின் மேல்தான் மண் தோண்டும் இயந்திரமும் ஆம்புலன்ஸும் போயின. இங்கே நம் குரங்கணியிலும் 2018 மார்ச் 11 காட்டுத் தீயில் 23 பேர் மாண்டார்கள். ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் வருவதற்கு முன்னால் மேலே ஏறிப் போனவர்கள் ஊர்க்காரர்கள்.

ஆகவே மண்வெட்டியா என்பதல்ல கேள்வி. அந்த மண்வெட்டியோடு அறிவும் கைக்கு வருகிறதா என்பதே கேள்வி. சாப்பர் வேலை கமாண்டோ வேலையைவிடச் சுலபமானதல்ல. காலாட்படை நடப்பதற்கு முன்னால் கண்ணிவெடி வயலில் நடப்பவன் அவன். ஆனால் அவன் வெளியே வரும்போது சர்வே, மின்வேலை, வெல்டிங், கட்டுமானம் என்று ஏதோ ஒரு தொழில் கூட வருகிறது. கயிற்றில் இறங்கத் தெரிந்தவனுக்குப் போடியில் என்ன வேலை இருக்கிறது? ஏ.டி.எம். வாசலில் காவல் நிற்கும் முன்னாள் சிப்பாய்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இன்றைக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி நாலு வருடம்தான் வேலை. நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிரந்தரம் இல்லை என்பது அந்த அறிவிப்பு. மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது. சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் பாதி அவன் சம்பளத்திலேயே பிடித்தது. வங்கிக்காரனாகச் சொல்கிறேன்: அந்தப் பணத்தை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் ஏழாயிரம் கூட வராது. தேவைப்பட்டால் கூப்பிடு, தேவை முடிந்தால் துரத்து என்ற பழைய சட்டம் இப்போது எல்லோருக்கும் வந்திருக்கிறது. நிலமும் கடையும் உள்ளவன் பிள்ளை திரும்பி வந்து நிலத்திலும் கடையிலும் உட்காருவான். நம் பிள்ளை அந்த ஜீப்பில்தான் ஏறுவான், கையில் தொழில் இல்லையென்றால்.

இன்னொரு குழியும் உண்டு. ராணுவத்தில் 'டிரேட்ஸ்மேன்' என்று ஒரு பிரிவு. துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், சமையல்காரர், ஹவுஸ் கீப்பர். எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் வேலை. ஹவுஸ் கீப்பர் என்றால் என்ன? ராணுவம் நேற்று வரை அதை 'சபாய்வாலா' என்றே எழுதியது. ஊரில் சாதி கொடுத்த வேலையைச் சீருடை போட்டுச் செய்வது. சேரிப் பையன்களை ராணுவம் என்ற பெயரைக் காட்டி ஏஜெண்டுகள் இந்த வரிசையில் நிறுத்துகிறார்கள். அதில் சேர்ந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் படித்தவன் அந்த வரிசையில் நிற்கக் கூடாது, டெக்னிக்கல் பிரிவுக்கு எழுத வேண்டும் என்கிறேன். பொறியியல் படையா, சிக்னலா என்று ஒதுக்குவது ராணுவம்தான். ஆனால் கதவு எது என்று நாம் தேர்ந்தெடுக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இயக்கம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சிப்பாய்த் தேர்விலும் அதிகாரித் தேர்விலும் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு இல்லை. ஏன் இல்லை? 'தகுதி' என்கிறார்கள். ஆனால் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், சீக்கியர் என மூன்று பிரிவினரை மட்டுமே எடுப்பதாக 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவமே ஒப்புக்கொண்டதே, அது எந்தத் தகுதி? சாதிப் பெயரில் ரெஜிமெண்ட் இருக்கலாம், சாதி அடிப்படையில் இடஒதுக்கீடு மட்டும் கூடாதா? இதை நாம் மேடை போட்டுக் கேட்க வேண்டும். அக்னிபத்தை எதிர்க்க வேண்டும். கூடவே போடி, தேவாரம், கம்பம் பக்கத்துச் சேரிகளில் மாலை நேரத்தில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். எழுத்துத் தேர்வு இப்போது கணினியில். ஓட்டம் அதற்கப்புறம்தான். ஓடுவதற்கு நம் பையன்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால் முழு மதிப்பெண். ஏலமலைக்காரனுக்கு அது பெரிய காரியமில்லை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினேன். பதக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடியில் கிடந்த ரசமட்டத்தைக் கையில் எடுத்தான். "இது என்ன மாமா, உள்ளே தண்ணியில குமிழி ஓடுது?" என்றான். சொன்னேன். வாசல் திண்ணையில் வைத்துப் பார்த்தான். திண்ணை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

டெக்னிக்கல் பிரிவுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறான். கமாண்டோ ஆசை போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. உள்ளே போன பிறகு அதற்கும் வழி இருக்கிறது, அவன் பாடு. விடியற்காலையில் அவன் மெட்டு ரோட்டில் ஓடுகிறான். அவனைக் கடந்து அவன் அம்மா போகிற ஜீப் மேலே ஏறுகிறது. சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்க நான் போகிறேன். கூட உட்காருவதற்கு இன்னும் நாலு பையன்கள் வந்திருக்கிறார்கள், இரண்டு பெண்பிள்ளைகளும். அறிவியல் எடுக்கத்தான் ஆள் இல்லை. இதைப் படிக்கிற மாணவத் தோழர்களில் யாராவது வருவீர்களா?