பூனைக்கு மாசம் 3,700 ரூபாய்: இது வீண் செலவா?

டேர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபி, தங்கம்னு பேசுற இடத்துல இன்னைக்கு என்னடா பூனைன்னு நினைக்காதீங்க. போன வீடியோவுல எங்க வீட்டு மாசச் செலவு ஷீட்டை திரையில காட்டினேன் இல்லையா, அதுல "குட்டிமா – 3,700"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு எங்க சித்தப்பா போன் பண்ணி, "யாருடா அது குட்டிமா?"ன்னு கேட்டாரு. பூனைன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம், "ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்றவன் நீ"ன்னுட்டு வச்சிட்டாரு.

அவர் கேட்டதுல நியாயம் இருக்கு. அதனாலதான் இந்தக் கணக்கை முழுசா எழுதுறேன்.

குட்டிமாவுக்கு 12 வயசு. தெருவுல இருந்து வந்தது. 14 மாசத்துக்கு முன்னாடி திடீர்னு தண்ணி நிறைய குடிக்க ஆரம்பிச்சுது, எடை குறைஞ்சுது, அப்புறம் சாப்பாட்டையே தொடல. ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் 3.4. நாள்பட்ட சிறுநீரக நோய், மூணாவது நிலைன்னு டாக்டர் சொன்னாரு. மொத்தம் நாலு நிலை. வயசான பூனைகளுக்கு ரொம்ப சகஜமா வர்ற நோய் இது. போன கிட்னி திரும்ப வராது. கிரியாட்டினின் ஏறி நம்ம கண்ணுக்குத் தெரியும்போதே சிறுநீரகத்தோட வேலைத்திறன் முக்கால்வாசி போயிருக்கும். ஆனா சரியா பார்த்துக்கிட்டா மாசக்கணக்குல, சில பூனைகள் வருஷக்கணக்குலயும் நல்லா இருக்கும்.

இங்கதான் நான் தப்பு பண்ணேன். பதட்டத்துல ஒரு தனியார் கிளினிக்ல அட்மிட் பண்ணி நாலு நாள் டிரிப்ஸ். பில் 14,600. கிரெடிட் கார்டுல தேய்ச்சேன். அது கூட பரவாயில்ல, அடுத்த மூணு மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். ஆமா, நான்தான். மாசம் மூணரை சதவீத வட்டி, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி. மூணு மாசத்துல கிட்டத்தட்ட 1,800 ரூபாய் காத்துல போச்சு. எமர்ஜென்சி ஃபண்டு இருந்துச்சு. அதுல கை வைக்க மனசு வரல, ஏன்னா "பூனைக்காக எடுத்தேன்"னு வீட்டுல சொல்ல வெட்கம். வெட்கத்துக்கு நான் கட்டின வட்டி அது.

நாள்பட்ட நோயை எமர்ஜென்சியா பார்க்கிறதுதான் பர்ஸைக் கிழிக்கும். முதல் நாள் வேணா அது எமர்ஜென்சி. ரெண்டாவது மாசத்துல இருந்து அது பால் பில், கரண்ட் பில் மாதிரி வழக்கமான செலவு. பட்ஜெட்ல அதுக்குன்னு ஒரு வரி போட்டாகணும். அப்பதான் அந்தச் செலவை குறைக்க முடியுமான்னு யோசிக்கவே தோணும்.

எங்களுக்குக் குறைஞ்சது எப்படின்னு சொல்றேன். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு உடம்புல தண்ணி நிக்காது. அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் ஏத்தச் சொன்னாரு டாக்டர். கிளினிக்ல போய் ஏத்தினா தடவைக்கு 350, ஆட்டோ போக வர 160. மாசம் 15 தடவைக்கு 7,650 ரூபாய். ரெண்டு மாசம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் கிளினிக்ல இருந்த ஒரு கம்பவுண்டர் அண்ணன்தான், "சார், இது நரம்புல போடுறது இல்ல, தோலுக்கடியில போடுறது. சர்க்கரைக்கு வீட்டுலயே ஊசி போட்டுக்கிறாங்கல்ல, அந்த மாதிரிதான்"னு சொன்னாரு. டாக்டர்கிட்ட கேட்டோம். பக்கத்துல நிக்க வச்சு மூணு தடவை என் மனைவி கையாலயே போட வச்சாரு.

இப்ப வீட்டுல நடக்குறது இதுதான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வைக்கணும், சில்லுன்னு ஏறினா அது துள்ளும். ஜன்னல் கம்பியில பாட்டிலைத் தொங்கவிட்டு, தோள்பட்டைக்கு நடுவுல தோலை கூடாரம் மாதிரி தூக்கி ஊசி போடணும். 100 மில்லி இறங்க பத்து நிமிஷம் கூட ஆகாது. முதுகுல ஒரு பை மாதிரி தொங்கும், சில சமயம் முன்னங்காலுக்கு இறங்கும், சில மணி நேரத்துல உடம்பு இழுத்துக்கும். ஊசி ஒவ்வொரு தடவையும் புதுசு. முதல் வாரம் என் கை நடுங்கினதுல பாதித் தண்ணி என் லுங்கிக்குத்தான் போச்சு.

செலவு? மாசம் மூணு பாட்டில் 180, மூணு டியூப் செட் 90, 15 ஊசி 60. ஆக 330. 7,650 எங்க, 330 எங்க!

மீதி எங்க போகுதுன்னா, சிறுநீரக நோய்க்குன்னே வர்ற உணவு 2,150. இதுதான் பெரிய தொகை, ஆனா இதுல கை வைக்காதீங்கன்னுதான் சொல்வேன். பாஸ்பரஸ் கம்மியா இருக்குற அந்த உணவுக்குத்தான் இந்த நோயில உண்மையான பலன் இருக்கு. (பாக்கெட் பூனை உணவுக்கு 18% ஜிஎஸ்டி. கால்நடை கிளினிக் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதாவது வியாதிக்கு வரி இல்ல, சாப்பாட்டுக்கு வரி உண்டு.) ரத்த அழுத்த மாத்திரை 70, அது மனுஷங்களுக்கு விக்கிற மாத்திரைதான், டாக்டர் சொன்ன அளவுக்கு உடைச்சுக் கொடுக்கிறோம். மூணு மாசத்துக்கு ஒருமுறை 1,200 ரூபாய்க்கு ரத்தப் பரிசோதனை, மாசத்துக்குப் பிரிச்சா 400. கேட் லிட்டர் 750. நிறைய தண்ணி குடிக்கிற பூனை நிறைய போகும்ல, இந்தச் செலவை யாருமே முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. எல்லாம் சேர்த்து 3,700.

மிச்சம் பண்றேன்னு நீங்களா மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிக் கொடுத்துடாதீங்க. காய்ச்சல் மாதிரி இருக்கேன்னு பாராசிட்டமால் கொடுத்தா ஒரே மாத்திரையில பூனை செத்துப் போகலாம். டிரிப்ஸும் அப்படித்தான். இதய நோய் இருக்குற பூனைக்கு தண்ணி ஜாஸ்தியா ஏறினா மூச்சுத் திணறும். அளவை டாக்டர்தான் முடிவு பண்ணணும். மூச்சு வேகமா வாங்கினா நிறுத்திட்டு தூக்கிட்டு ஓடணும்.

"பெட் இன்சூரன்ஸ் எடுக்கலாமே"ம்பீங்க. நோய் வந்த பிறகு எடுத்தா, ஏற்கெனவே இருக்குற நோய்க்கு கவர் கிடைக்காது. வயசு வரம்பு வேற. பூனை குட்டியா இருக்கும்போது வேணா பாருங்க. வருமான வரியில 80டி-யும் உதவாது, அது மனுஷக் குடும்பத்துக்கு மட்டும்தான். இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுறதை விட, ஏழு வயசு தாண்டின பூனைக்கு வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனை பண்றது மேல்னு நான் நினைக்கிறேன். சீக்கிரம் தெரிஞ்சா 14,600 பில் வராது.

சென்னையில இருக்குறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி. தனியாரோட ஒப்பிட்டா கட்டணம் ரொம்பக் கம்மி, ஆனா கூட்டத்துக்கு அரை நாள் லீவு போடணும், நாய்களுக்கு நடுவுல கூடையில உட்கார்ந்திருக்குற பூனையோட நிலைமையையும் யோசிக்கணும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. நாங்க ரத்தப் பரிசோதனைக்கு வேப்பேரி, அவசரத்துக்கு தெருமுனை கிளினிக்னு பிரிச்சுக்கிட்டோம்.

இனி சித்தப்பா கேள்விக்கு வர்றேன். மாசம் 3,700ஐ எஸ்ஐபியில போட்டா பத்து வருஷத்துல எவ்ளோ ஆகும்னு எனக்கும் தெரியும், கால்குலேட்டர் என்கிட்டயும் இருக்கு. ஆனா குட்டிமாவுக்கு பத்து வருஷம் இல்ல. இது முடியப்போற செலவு. அதனால பிள்ளைங்க படிப்புக்கான எஸ்ஐபியை நிறுத்தல. மாசம் ரெண்டு தடவை ஹோட்டலுக்குப் போறதையும், எனக்கு வண்டி மாத்துற ஆசையையும் நிறுத்தினேன். கடன் வாங்கித்தான் பார்க்கணும்னு ஒரு நிலைமை வந்தா வேற பதில் சொல்வேன். டாக்டர்கிட்ட கூச்சப்படாம "எங்களால மாசம் இவ்ளோதான் முடியும், இதுல எது முக்கியம்?"னு கேளுங்க. நல்ல டாக்டர் வரிசைப்படுத்திக் கொடுப்பாரு. கோபப்பட்டா வேற டாக்டரைப் பாருங்க.

இன்னொரு விஷயம் இருக்கு. பேச யாருக்கும் பிடிக்காது. எங்க நிறுத்துறது?

அட்மிட் பண்ணி, கூண்டுக்குள்ள அது கிடக்கும்போது இந்த முடிவை எடுக்க முடியாது. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் சார்"னு சொன்னா தலையாட்டிட்டுதான் வருவோம். அதனால நல்லா இருக்குற ஒரு ஞாயித்துக்கிழமை நானும் மனைவியும் தனித்தனியா ஒரு காகிதத்துல எழுதினோம், இனி ஒரு அட்மிஷனுக்கு அதிகபட்சம் எவ்ளோன்னு. நான் 15,000 எழுதியிருந்தேன். அவங்க 30,000. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு மேஜையில சத்தமே இல்ல. நாலு நாள் கழிச்சு 20,000ல முடிஞ்சுது. அந்தப் பணம் இப்ப தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருக்கு, எமர்ஜென்சி ஃபண்டுல சேராது. கருணை ஊசிக்கான கட்டணமும் அதுக்குள்ளயேதான்.

தொகைக்குக் கீழே மனைவி இன்னொரு வரி சேர்த்தாங்க: "பணம் மிச்சம் இருந்தாலும், அது ஜன்னல் திட்டுல ஏறி உட்கார்றதை விட்டுட்டா டாக்டர்கிட்ட பேசணும்." அந்தக் காகிதம் ஃபிரிட்ஜ் மேல இருக்கு. இன்னைக்குக் காலையில ஏறிச்சு, ரெண்டு முயற்சியில.