வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ்

போன சனிக்கிழமை காலை திராமனில் மைனஸ் 14. என்னுடைய 1965ம் ஆண்டு மொறிஸ் மைனருக்குள் அதைவிடக் குளிர் என்றே எனக்குப் பட்டது. இந்தக் காரை வாங்கிய நாளில் இருந்து வீட்டில் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது என்பது நண்பர்களுக்குத் தெரியும். 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு தொலைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் வெளியில் கார் சூடாகிக்கொண்டிருக்கும். "உங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கோதாரி?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஹீற்றர் பூட்டுவதென்று முடிவெடுத்தேன்.

மைனருக்கு ஹீற்றர் என்பது, வேண்டுமென்றால் மேலதிகமாகக் காசு கொடுத்துப் பூட்டுகிற சாமான். சாவகச்சேரியில் அப்பா வாடகைக்கு ஓடிய மைனரில் அது இருக்கவில்லை. இருந்திருந்தால் கழற்றி விற்றிருப்பார். ஊரில் தேர்மோஸ்ராற்றையே கழற்றி எறிந்துபோட்டுத்தான் ஓடுவார்கள். எஞ்சின் சூடாகக்கூடாது என்பது அங்கத்தைய கவலை. சூடாகவேண்டும் என்பது இங்கத்தையது.

இங்கிலாந்தில் இருந்து ஒரு பழைய ஸ்மித்ஸ் ஹீற்றர் வரவழைத்தேன். மோட்டர் இறுகிப்போயிருந்தது, அதற்குப் பதிலாகப் புது மோட்டர் ஒன்றைப் பொருத்தினேன். வயர் இழுப்பதற்காக பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால்... உள்ளே இரண்டு கண்ணாடிப் பியூஸ். ஒன்றில் அழகாக வெள்ளித்தாள் சுற்றியிருந்தது!

முந்திய சொந்தக்காரர் ஒரு நோர்வேஜியக் கிழவர். கைக்கெட்டிய தூரத்தில் கடை இருக்கிற நாட்டில், ஒரு கோப்பிக் காசுக்கு பியூஸ் வாங்கலாம். வாங்கவில்லை.

படம் எடுத்து ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர்களிடம் காட்டினேன். ஒரே சிரிப்பு. "மனுசன் எங்கட ஆள்தான் மச்சான்!" பிறகென்ன, கதை தொடங்கிவிட்டது. காபரேற்றருக்கு நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது, சவுக்காரத்துக்குப் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தது. "நாங்கள் என்னத்தைத்தான் செய்யேல்லை!" என்று முடித்தார் ஒருவர். எல்லோருக்கும் பெருமை.

எனக்கு இந்தப் பெருமை ஒத்துவராது. அன்றைக்கும் சொன்னேன், ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1993, மாரி. இரவு. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். பின்சீற்றில் அந்தப் பெண்ணும் தாயும், முன்னுக்கு நான். ஹெலிக்குப் பயத்தில் லைற் இல்லை, கொட்டுகிற மழைக்கு வைப்பர் மட்டும் போட்டிருந்தது. பியூசில் வெள்ளித்தாள். 1990 ஆனியில் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரிக்கே வழியில்லை, பியூசுக்கு எங்கே போவது? கைதடி தாண்டினதும் வைப்பர் இறுகி நின்றுவிட்டது. இறுகிய மோட்டர் கரண்டை இழுஇழு என்று இழுக்கும். நல்ல பியூஸ் என்றால் எரிந்து அறுந்து காரியத்தை அதோடு முடித்திருக்கும். வெள்ளித்தாள் அறவில்லை. வயர்தான் உருகியது. டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து புகை... பிறகு நெருப்பு.

அப்பா பொனற்றைத் திறந்து பற்றரி வயரை வெறுங்கையால் பிடுங்கினார். இடது உள்ளங்கை வெந்துபோனது. அந்தப் பெண் மழையில் தெருவோரம் இருந்தார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு ட்ரக்டர் வந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது என்று அடுத்தநாள்தான் அறிந்தோம். அப்பா ஒருநாளும் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் கையை மூடிக்கொள்வார்.

வழியில்லாமல் செய்ததைக் கெட்டித்தனம் என்று சொல்லிச்சொல்லி, வழி இருக்கிற இடத்திலும் நாங்கள் அதையே செய்கிறோம். குளிர் காலத்தில் நீட்டு வயரை ஜன்னலுக்குள்ளால் விட்டு, வீட்டு ஹீற்றரைக் காருக்குள் வைத்துச் சூடாக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன் :-) நோர்வேயில் வீட்டு வயறிங்கில் கைவைக்கப் பதிவுபெற்ற மின்னியலாளர் வேண்டும். காரின் 12 வோல்ற்றில் நாங்களே கைவைக்கலாம். கேட்க ஆளில்லை என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

சரி, வேலைக்கு வருவோம். இந்தக் காரின் லூக்காஸ் டைனமோ தரக்கூடியது ஆகக்கூடியது 22 அம்பியர். ஐடிலில் நின்றால் அதுவும் இல்லை. இங்கே 1988இல் இருந்து பகலிலும் லைற் போட்டுத்தான் ஓடவேண்டும். லைற்றுக்கு ஒன்பது பத்து, இக்னிஷனுக்கு மூன்று நாலு, வைப்பருக்கு இரண்டு மூன்று. அதற்குமேல் ஹீற்றர் விசிறிக்கு நாலு. கூட்டிப் பாருங்கோ, விளிம்பில் நிற்கிறது. ஆகவே பழைய பச்சை வயரில் ஒட்டுப்போடாமல், பற்றரியில் இருந்து வரும் மண்ணிறக் கம்பியில் புது வயர் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே 10 அம்பியர் பியூஸ், பிறகு றிலே, பிறகு விசிறி. பியூஸ் காப்பாற்றுவது விசிறியை அல்ல, வயரை. அதனால்தான் அது வயர் தொடங்குகிற இடத்தில் இருக்கவேண்டும். நாலு அம்பியருக்கு றிலே தேவையில்லை என்பார்கள். அறுபது வயதுச் சாவிச் சுவிச்சுக்கு அந்தப் பாரமும் வேண்டாம் என்பது என் கட்சி. தகட்டுத் துளையில் வயர் போகும் இடத்துக்கு றப்பர் வளையம். ஒரிஜினல் வயர் ஒன்றையும் வெட்டவில்லை, நாளைக்கு யாரும் கழற்றலாம்.

சுவிச்சைப் போட்டேன். விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது! மைனரில் பொடியோடு சேர்ந்திருப்பது பற்றரியின் பிளஸ் முனை. பழைய மோட்டர் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம் சுற்றும், காந்தம் வைத்த புது மோட்டர் அப்படியில்லை. கறுப்பு வயரைப் பழக்கதோசத்தில் பொடியில் பூட்டியிருந்தேன். மாற்றினேன். இப்போது சரியான பக்கம் சுற்றியது, வந்தது குளிர்காற்று. கிழவர் தேர்மோஸ்ராற்றையும் கழற்றியிருந்தார். மனுசன் உண்மையிலேயே எங்கட ஆள்தான் போல.

82 பாகை தேர்மோஸ்ராற் ஒன்று போட்டேன். ஞாயிறு மத்தியானம் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கை அளவுக்குப் பனி கரைந்தது. ஸ்பிறாலன் சுரங்கத்துக்குள்ளால் சுற்றிச்சுற்றி மேலே போய் இறங்குவதற்குள் முழுக்கண்ணாடியும் தெளிந்துவிட்டது. மனைவி வரவில்லை.

பின்னேரம் ஊருக்கு அப்பாவுக்கு எடுத்தேன். அவருக்கு இப்போது 82 வயது.

"காருக்கு ஹீற்றர் பூட்டினனான் அப்பா."

"காருக்குள்ள என்னத்துக்கடா அது?"

"இஞ்ச குளிரப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்:

"தம்பி... பியூஸ் போட்டனியோ?"

"ஓமப்பா."

"எத்தினை அம்பியர்?"